வெட்டாமல் அச்சிடவும்

உன்சியா, 9 ஜூன் 2008

அன்புத் தம்பி நெமேசியோவுக்கு,

இங்கே குளிர் இறங்கிவிட்டது. வாளித் தண்ணீர் காலையில் கல்லாகக் கிடக்கிறது. எனக்கு முழங்கால் வலியைத் தவிரக் குறை ஒன்றுமில்லை. மகள் ஒல்காவுக்குப் பால்பல் விழுந்து முளைக்கிறது. உன் கண் எரிச்சல் எப்படி இருக்கிறது? நாள் முழுக்க அச்சகத்துத் திரையையே பார்த்துக்கொண்டிருக்காதே.

உன் மச்சான் தொனாதோ போன பிறகு இந்த நவம்பரில் அவருக்கு மூன்றாவது ஆத்மாக்கள் திருநாள். மூன்றாவதுதான் இறந்தவருக்குப் படைக்கிற கடைசி மேசை. அதன் பிறகு அவரைச் சாப்பிடக் கூப்பிட முடியாது. நானும் துக்கக் கறுப்பைக் கழற்ற வேண்டும். அதனால் இந்த முறை ஜெபிக்க வருகிற ஒவ்வொருவருக்கும் ரொட்டியோடு அவர் படம் போட்ட அட்டை ஒன்றும் கொடுக்க ஆசைப்படுகிறேன். நூற்றைம்பது வேண்டும். ஒவ்வொன்றும் பள்ளி நோட்டுப் பக்கத்தின் அளவு இருக்கட்டும். போன வருஷம் அடுத்த தெரு ரெமேதியோஸ் கொடுத்த அட்டையில் முகம் பட்டாணி அளவுதான் இருந்தது. "இது யாருடி, உன் புருஷனா, கன்னி மரியாளா?" என்று கேட்டே விட்டார்கள், ஜெபத்துக்கு நடுவில்.

படத்தைக் குறுந்தகட்டில் போட்டு பஸ் டிரைவரிடம் கொடுத்திருக்கிறேன். அவருடைய கடைசி கார்னிவல் திருவிழாவில், வெள்ளிக்கிழமை சுரங்க வாசலில் எடுத்தது. இருப்பது இது ஒன்றுதான்.

உன் உடம்பைக் கவனித்துக்கொள்.

அக்கா பசிலியா

---

லா பாஸ், 23 ஜூன் 2008

அன்புள்ள அக்காவுக்கு,

தகடு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது. நாங்கள் நலம். கண்ணுக்குச் சொட்டு மருந்து போடுகிறேன். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. தாதுக் குவியலில் நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்து கல் உடைத்தால் வலிக்காமல் என்ன செய்யும்?

படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெசவில் நூல் இருப்பதுபோலப் படத்தில் புள்ளிகள் இருக்கின்றன. காகிதத்தில் முகம் முகமாகத் தெரிய வேண்டுமானால் ஒரு அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி வேண்டும். நீ அனுப்பியதில் குறுக்கே 288, நெடுக்கே 360 புள்ளி. அடையாள அட்டையில் ஒட்டுகிற படத்தின் அளவுக்குத்தான் அது வரும். நோட்டுப் பக்கம் அளவுக்கு இழுத்தால் மச்சானின் கண் நாலு கட்டமாகவும் வாய் ஆறு கட்டமாகவும் தெரியும்.

இது கேமராவிலிருந்து வந்த படம் அல்ல, பெரிய படத்திலிருந்து வெட்டியது. நெற்றிக்கு மேலே வெட்டு. இடது ஓரத்திலும் வெட்டு. அங்கே மச்சானின் தோளில் ஒரு கை இருக்கிறது. நாலு விரல் தெரிகிறது. ஆள்காட்டி விரல் முதல் கணுவில் உள்பக்கம் மடங்கியிருக்கிறது.

வெட்டாத படம் யாரிடமாவது இருக்குமா? அதை அனுப்பினால் போதும், மற்றது என் வேலை.

ஒல்காவின் புதுப் பல்லுக்கு என் முத்தம்.

நெமேசியோ

---

உன்சியா, 12 ஜூலை 2008

தம்பிக்கு,

ஒத்தடம் கொடுத்தேன், கொஞ்சம் தேவலை. ஒல்கா இப்போது விசில் அடிக்கக் கற்றுக்கொண்டாள், பல் இடுக்கு வழியாக.

பெரிய படம் இல்லை. இதே படத்தை இங்கே புகைப்படக் கடையில் காகிதத்தில் எடுத்தது ஒன்று இருக்கிறது, அதையும் அனுப்புகிறேன். உள்ளங்கை அளவு இருக்கிறது. உன் இயந்திரத்தில் வைத்துப் பெரிதாக்கிக்கொள். தலைநகரத்து அச்சகத்தில் இது முடியாதென்றால் யார் நம்புவார்கள்?

கையைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். கார்னிவல் வெள்ளிக்கிழமை யார் தோளில் யார் கை போடவில்லை? யாரோ ஒருவன்.

"நாங்கள் நலம்" என்று எழுதியிருக்கிறாய். நீ தனிக்கட்டை ஆயிற்றே. எனக்குச் சொல்லாமல் யாரையாவது வீட்டில் கொண்டுவந்து வைத்திருக்கிறாயா? அப்படியென்றால் அவளுக்குச் சமைக்கத் தெரியுமா என்று மட்டும் எழுது.

மேல்காற்று படாமல் இரு.

பசிலியா

---

லா பாஸ், 28 ஜூலை 2008

அக்காவுக்கு,

காகிதப் படம் கிடைத்தது. இங்கே எல்லாம் சுகம். எனக்குச் சளி வந்து போய்விட்டது.

அந்தக் காகிதத்தை இயந்திரத்தில் வைத்து, இருப்பதிலேயே நுணுக்கமான அளவில் படி எடுத்தேன். மச்சான் பெரிதாகவில்லை. காகிதத்தின் சொரசொரப்பும் மைப் பொட்டும்தான் பெரிதாயின. அச்சு இயந்திரக்காரர் தோன் ரொகேலியோ எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு குவளைத் தண்ணிய அண்டாவுல ஊத்தினா அண்டா நெறஞ்சிடுமாப்பா?" என்று சிரித்தார். பிறகு யார் படம் என்று சொன்னேன். தொப்பியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்.

இன்னொன்றும் செய்து பார்த்தேன். இல்லாத புள்ளிகளைத் தானாக ஊகித்து நிரப்புகிற ஒரு நிரல் இருக்கிறது. அரை மணி நேரத்தில் பளபளவென்று ஒரு முகத்தைக் கொடுத்தது. நல்ல முகம்தான். ஆனால் மச்சானின் வலது புருவத்தில் கல் தெறித்த தழும்பு உண்டே, அதை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டது. கன்னத்தையும் இஸ்திரி போட்டுவிட்டது. வங்கியில் கடன் கொடுக்கிற ஆள் மாதிரி இருந்தார். நான் அதை அச்சுக்கு அனுப்பமாட்டேன்.

அக்கா, அந்தத் தகட்டை நிரப்பிக் கொடுத்தவரிடம் கேள். வெட்டாத படம் அவர் கணினியில் இருக்கலாம்.

சமையலுக்கு யாரும் வரவில்லை. நானேதான் சமைக்கிறேன்.

நெமேசியோ

---

உன்சியா, 20 ஆகஸ்ட் 2008

தம்பிக்கு,

எல்லாரும் நலம்.

அந்த வங்கிக்காரன் முகத்தையே போட்டுவிடு. மூன்று வருஷமாகிறது, தழும்பை யார் எண்ணப் போகிறார்கள்?

நீ விடமாட்டாய் என்று தெரியும், அதனால் சொல்கிறேன். அந்தக் கார்னிவல் வாரத்திலேயே படி எடுத்த முழுப் படம் என்னிடம் இருந்தது. இணையக் கடைப் பெண் யெசேனியாவிடம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, இங்கே வெட்டு, இங்கேயும் வெட்டு என்று நான்தான் சொன்னேன். "அக்கா, சேமிக்கட்டுமா?" என்றாள். "சேமி" என்றேன். பழையதன் மேலேயே சேமித்துவிட்டாள். மின்னஞ்சலில் போவதற்கென்று சிறிதாக்கியும் விட்டாளாம். திரும்பக் கேட்டதற்கு, "போனது போனதுதான், நீங்கதானே சேமிக்கச் சொன்னீங்க" என்கிறாள். அவளைத் திட்ட எனக்கு வாயில்லை.

அந்தக் கை யாருடையது என்று முதல் நாளே உனக்குத் தெரியும், ஆள்காட்டி விரலை எழுதிக் காட்டினாய். நம் தாய் வயிற்றில் கடைசியாகப் பிறந்தவனை எனக்கும் தெரியும். என் வாசலில் அவன் பெயர் சொல்லப்படுவதில்லை. அது நான் போட்ட சட்டம் இல்லை. சுரங்கக் கூட்டத்தில் ஆண்கள் போட்டது. நான் மறுத்துப் பேசவில்லை, அவ்வளவுதான்.

பசிலியா

---

லா பாஸ், 7 செப்டம்பர் 2008

அன்புள்ள அக்காவுக்கு,

ஒல்காவின் விசிலைப் பற்றி நீ எழுதவில்லை, பல் முளைத்து நின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன்.

நம் கடைக்குட்டி கிறிஸ்பின் அர்ஜென்டினாவில் துணி தைக்கிறான் என்று ஊரில் நம்புகிறீர்கள். அவன் என்னோடுதான் இருக்கிறான், 2006 மே மாதத்திலிருந்து. இதே அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்தில் வேலை செய்கிறான். உனக்குச் சொல்லக் கூடாதென்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தான். இன்று அதை மீறுகிறேன்.

உன் கடிதத்தை அவனிடம் காட்டவில்லை. படம் அழிந்துபோனதை மட்டும் சொன்னேன். சூப்பை ஊதிக்கொண்டே இருந்தவன் கரண்டியை வைத்துவிட்டான்.

"அண்ணே, அந்தப் படம் என்கிட்ட இருக்கு."

"ரெண்டரை வருஷமா எங்கடா வெச்சிருந்தே?"

"கேமராலயேதான். பேட்டரியக் கழட்டி வெச்சிட்டேன். தொறக்கவே இல்ல."

"ஏன்?"

"தொறந்தா மச்சான் சிரிச்சிக்கிட்டு இருப்பாரே."

கேமராவை அவன் சட்டைகளுக்கு அடியிலிருந்து எடுத்தோம். படம் அப்படியே இருக்கிறது. குறுக்கே 1944 புள்ளி, நெடுக்கே 2592. முந்நூறு கணக்கில் பார்த்தாலும் நீ கேட்ட நோட்டுப் பக்கத்துக்கு மேலேயே வருகிறது. அக்கா, இவ்வளவு தெளிவான படத்தை இந்த வருஷம் நான் தொடவில்லை. புருவத் தழும்பு இருக்கிறது. கழுத்தில் சுற்றிய காகிதச் சுருளில் மழைத்துளி பட்டுச் சாயம் இறங்கியது தெரிகிறது. தலைக்கவசத்தில் புது பேட்டரி விளக்கு. கண்ணாடி மேலே ஒட்டிவந்த பிளாஸ்டிக்கைக் கூட அவர் உரிக்கவில்லை. இடுப்பில் பேட்டரி, ஒயர் முதுகுப் பக்கமாகப் போகிறது. பக்கத்தில் கிறிஸ்பின், பழைய கார்பைடு விளக்கோடு, வாய் நிறையக் கோக்கா இலையை அடக்கிக்கொண்டு.

இரண்டு வழி இருக்கிறது. மச்சானை மட்டும் எடுத்தால் ஏழரை சென்டிமீட்டர் அகலத்துக்கு நன்றாக வரும், உள்ளங்கை அளவு. தோளில் இருக்கிற கையை அழிக்க எனக்கு இருபது நிமிஷம் போதும், யாருக்கும் தெரியாது. நீ கேட்ட பெரிய அட்டைதான் வேண்டுமென்றால் படம் முழுசாக வேண்டும், இருவரும் இருக்க வேண்டும்.

இதை நீதான் சொல்ல வேண்டும். அக்டோபர் பத்தாம் தேதிக்குள் அச்சுத் தகடு செய்ய வேண்டும்; அதன் பிறகு காலண்டர் வேலை வந்து இயந்திரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

என் மேல் கோபமிருந்தால் எழுதித் திட்டு. எழுதாமல் மட்டும் இருக்காதே.

நெமேசியோ

---

லா பாஸ், 29 செப்டம்பர் 2008

அக்காவுக்கு,

மூன்று வாரமாகிறது. பஸ் நிலையத்துக்கு இரண்டு முறை போய்ப் பார்த்தேன். உன்னிடமிருந்து வந்த பொட்டலம் எதுவுமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

கிறிஸ்பின், "கைய அழிச்சிடு அண்ணே, அக்காகிட்டக் கேக்காத, அழிச்சிடு" என்கிறான். நான் அழிக்கவில்லை. ஒரு வரி எழுது. ஆம், இல்லை, எதுவானாலும் சரி.

நெமேசியோ

---

உன்சியா, 6 அக்டோபர் 2008

தம்பி நெமேசியோவுக்கு,

ஒல்கா நலம். நான் நலமில்லை. ஆனால் மருந்துக்கு அடங்குகிற நோய் இல்லை.

நான் கையை வெட்டவில்லை. யெசேனியாவிடம் நான் வெட்டச் சொன்னது விளக்கை. நெற்றிக்கு மேலே வெட்டச் சொன்னேன், இடுப்புக்கு மேலே வெட்டச் சொன்னேன். மேலும் கீழும் குறைந்ததும் முகம் நடுவில் நிற்கட்டும் என்று அவளே ஓரத்தையும் வெட்டினாள்; கிறிஸ்பினும் போய்விட்டான், கை மட்டும் நின்றுவிட்டது.

அந்த விளக்கை வாங்கியது நான். எட்டு மாதம் கல் உடைத்துச் சேர்த்து ஒருரோ நகரத்துக் கடையில் வாங்கினேன். கார்னிவல் வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலும் அவர் தலையில் மாட்டிவிட்டேன். எவ்வளவு பெருமை எனக்கு!

திருவிழா முடிந்த திங்கட்கிழமை காலை, சமையலறை ஆணியில் தொங்கிய கார்பைடு விளக்கையும் எடுக்கப் போனார். "பழசும் கூட இருக்கட்டுமே" என்றார். "ரெண்டையும் சொமந்துக்கிட்டுக் கழுதை மாதிரி போகப் போறீங்களா? நான் வாங்கிக் குடுத்தது புடிக்கலையா?" என்றேன். சிரித்துக்கொண்டு ஆணியிலேயே மாட்டிவிட்டார்.

உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கெட்ட காற்று வந்தால் கார்பைடு சுடர் முதலில் சாகும், ஆள் திரும்பி ஓடிவிடலாம். பேட்டரி விளக்கு காற்றைக் கேட்பதில்லை. பத்து நாள் அடைந்து கிடந்த சுரங்கம். கிறிஸ்பின் வழியில், சுரங்கத்துச் சாமி தியோ சிலையின் களிமண் வாயில் சிகரெட் பற்றவைக்க நின்றான். முதல் நாள் அல்லவா, சுரங்கத்து ஐயாவைக் கவனிக்காமல் போக முடியுமா? தொனாதோ நல்ல வெளிச்சத்தோடு முன்னால் நடந்துவிட்டார். கிறிஸ்பினின் சுடர் அணைந்தது. கத்திக் கூப்பிட்டிருக்கிறான். பதில் இல்லை. ஆள் கூட்டிவர வெளியே ஓடினான். அவர்கள் தூக்கி வந்தபோது நான் வாசலில் நின்றேன். அவர் தலையில் அந்த விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, தம்பி. யாரோ பொத்தானைத் தேடி அணைத்தார்கள்.

கூட்டத்தில், விட்டுவிட்டு ஓடினாயா என்று கேட்டார்கள். "கார்பைடு வெளக்கு என்கிட்டதான் இருந்துச்சு. நான்தான் முன்னால போயிருக்கணும். தப்பு என்னுது" என்றான். மச்சானிடம் ஏன் கார்பைடு இல்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. அவனுக்குத் தெரியும். அன்று காலை என் அடுப்படியில் உட்கார்ந்து அவனும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். நான் சொன்னதைக் கேட்டவன் உலகத்தில் அவன் ஒருவன்தான். பெண்கள் வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன். என்னை ஒரு தடவை பார்த்தான். நான் குனிந்துகொண்டேன்.

வெட்டாமல் அச்சிடு. விளக்கும் இருக்கட்டும், கையும் இருக்கட்டும், கையோடு ஆளும் இருக்கட்டும். ஒரு புள்ளி கூடக் குறையக் கூடாது.

அவனிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு. கடைசி மேசைக்கு ஜெபிக்க வருகிறவர்களை யார் என்று கேட்கும் வழக்கம் நமக்கில்லை, வந்தவருக்கு ரொட்டி கொடுத்தாக வேண்டும் என்பதையும் சொல்.

பசிலியா

---

லா பாஸ், 22 அக்டோபர் 2008

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் எட்டாம் தேதி வந்தது. ஒன்பதாம் தேதி அச்சுத் தகடு செய்தோம். வேலைச் சீட்டில் "வெட்டாமல் அச்சிடவும்" என்று சிவப்பில் எழுதினேன். நிறத்தை மட்டும் அச்சு மைக்கு ஏற்ப மாற்றினேன். நிழலில் கொஞ்சம் கறுப்பைக் குறைத்தேன், இல்லாவிட்டால் இந்தக் காகிதத்தில் சுரங்க வாய் கரிக்கட்டையாகிவிடும். வேறு எதையும் தொடவில்லை. விளக்கின் பிளாஸ்டிக் மீது அன்றைய வானம் பளிச்சிடுகிறது, அதுவும் அப்படியே இருக்கிறது.

முதல் தாள் வந்ததும் தோன் ரொகேலியோ உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். வழக்கமாக ஏதாவது கிண்டல் செய்வார். "சுத்தமா இருக்கு" என்றார். தாளைக் கிறிஸ்பின் பக்கம் திருப்பி வைத்தார்.

உன் கடிதத்தை அதற்கு முந்தின நாள் உணவு இடைவேளையில் அவனுக்குப் படித்துக் காட்டியிருந்தேன். கேட்டு முடித்துவிட்டு, "அக்காவ யாரும் ஏதாச்சும் சொல்லுவாங்களா?" என்றான். அதைத்தான் கேட்டான், வேறெதுவும் இல்லை. சொல்வார்கள் என்றேன். "அப்ப நான் பக்கத்துல இருக்கணும்" என்றான்.

நூற்றைம்பதையும் அவனே வெட்டினான். ஓரத்தில் மூன்று மில்லிமீட்டர்தான் போயிற்று, அது வெறும் பாறை.

பொட்டலத்தை பஸ்ஸில் போடவில்லை. வெட்டியவனே கொண்டுவருகிறான். எனக்குக் காலண்டர் வேலை, விடமாட்டார்கள். மேசையில் என் பங்குக்கு ஒரு கிண்ணம் சோளக் கள், நம் சிச்சா, வை. மச்சானுக்குப் பிடிக்கும்.

நெமேசியோ

---

உன்சியா, 9 நவம்பர் 2008

அன்புத் தம்பி நெமேசியோவுக்கு,

மழை ஆரம்பித்துவிட்டது. முழங்கால் எனக்கு முன்னாலேயே சொல்லிவிட்டது. ஒல்கா சுகம். உன் சிச்சா வைத்தேன்.

சனிக்கிழமை நண்பகலில் ஆத்மாக்கள் வருகிற நேரத்துக்கு மேசை தயாராக இருந்தது. குழந்தை உருவில் சுட்ட ரொட்டிகள், ஆத்மா இறங்கிவர ரொட்டி ஏணி, கரும்பு, நடுவில் அந்த அட்டை. மெழுகுவர்த்திகளோடு, ஆணியிலிருந்து கார்பைடு விளக்கை எடுத்து ஏற்றி வைத்தேன். மூன்று வருஷத்து ஒட்டடை எரிந்து நாற்றமடித்தது.

அவன் கதவுக்கு வெளியே, வந்தவர்கள் எல்லாருக்கும் பின்னால் நின்றான். முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள், மரியாதைக்காக இல்லை. மண்டி போட்டான். மூன்று ஜெபமும் சொன்னான், நடுவில் ஒரு இடம் மறந்துவிட்டது, ஒல்கா எடுத்துக் கொடுத்தாள். நான் ரொட்டியைக் கையில் வைத்தேன். மடங்கிய விரலால் அதைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் தின்னாமல் இருந்தான்.

அட்டையைக் கொடுக்கும்போது ஒவ்வொருவரிடமும் சொன்னேன். விளக்கு நான் வாங்கியது, பழையதை எடுக்கவிடாமல் செய்தது நான், இவன் பொய் சொல்லவில்லை, பாதியை மட்டும் சொன்னான். சிலர் அழுதார்கள். சிலர் என் முகத்தைப் பார்க்காமல் போனார்கள். ரெமேதியோஸ் மட்டும், "முகம் நல்லா தெரியுதுடி" என்றாள். மூன்று அட்டைகள் திரும்பி வந்தன. அதில் ஒன்று தொனாதோவின் அம்மா அனுப்பியது. அதை எடுத்து வைத்திருக்கிறேன். அவள் கேட்கும் நாளில் கொடுப்பேன், கேட்காமலும் போகலாம்.

ஞாயிறு மதியம் கல்லறையில் அவரை அனுப்பி வைத்தோம். கறுப்புச் சால்வையை அடுத்தவர்தான் எடுக்க வேண்டும் அல்லவா, பெரியவர்கள் யார் எடுப்பது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கிறிஸ்பின் வந்து எடுத்தான். மடித்துத் தன் கைக்கடியில் வைத்துக்கொண்டான். ஒருவரும் தடுக்கவில்லை.

திங்கட்கிழமை நான் குவியலுக்குப் போகும் வழியில் சுரங்க வாசலைப் பார்த்தேன். பேட்டரி விளக்குக்காரர்கள் பலர் இப்போது. இரண்டு பேர் இடுப்பில் கார்பைடும் தொங்கிற்று. இரண்டு பேர்தான். எண்ணிவிட்டுப் போனேன்.

எனக்கென்று ஒரு அட்டையை அடுப்படியில் சாய்த்து வைத்திருக்கிறேன். நேற்று வெளிச்சத்தில் எடுத்து, மூக்கு படுகிற அளவுக்குக் கண்ணுக்கருகில் கொண்டுபோய்ப் பார்த்தேன். நீ சொன்ன புள்ளி எதுவும் தெரியவில்லை. தோளில் கை இருக்கிறது.

உன் கண்ணைப் பார்த்துக்கொள், தம்பி.

அக்கா பசிலியா